ஜெயித்த பணம் ஏன் வெளியே வருவதில்லை?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஆன்லைன் கேசினோவில் விளையாடுகிறவர்கள் எழுதியவை. மீதி, அந்தத் தளங்களுக்கு ஆள் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்கும் அஃபிலியேட்டுகள் எழுதியவை. இரு தரப்பின் புகாரும் ஒன்றுதான்: பணம் உள்ளே போகும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை, வெளியே எடுக்கப் போனால் அத்தனை விதியும் விழித்துக்கொள்கிறது.

கேள்வி: 100 டாலர் கட்டினால் இன்னொரு 100 டாலர் போனஸ் என்கிறார்கள். கீழே பொடி எழுத்தில் ‘35 மடங்கு வேஜரிங்’ என்று இருக்கிறது. அந்த 100 டாலர் என் பணமா, இல்லையா?

இல்லை. வெளியே எடுப்பதற்கு முன் மொத்தம் எவ்வளவு தொகைக்குப் பந்தயம் வைத்து முடிக்க வேண்டும் என்பதுதான் வேஜரிங். 35 மடங்கு சரி, எதற்கு 35 மடங்கு? போனஸுக்கு மட்டும் என்றால் 3,500 டாலர். டெபாசிட்டையும் போனஸையும் சேர்த்து என்றால் 7,000 டாலர். விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே ‘35 மடங்கு’தான் இருக்கும்.

இப்போது கணக்கைப் போடுங்கள். ஆர்டிபி, அதாவது பந்தயத் தொகையில் ஆட்டக்காரர்களுக்குச் சராசரியாகத் திரும்பும் பங்கு, 96 சதவீதம் உள்ள ஸ்லாட்டில் (படங்கள் சுழலும் சூதாட்டத்தில்) ஒவ்வொரு 100 டாலர் பந்தயத்துக்கும் சராசரியாக 4 டாலர் கேசினோவுக்குப் போகும். 7,000 டாலருக்கு 280 போகும். உங்கள் கணக்கில் இருப்பதோ 200. அதாவது, வேஜரிங் முடிவதற்குள் பணம் முடிந்துவிடும் என்பதுதான் சராசரி நிலை. போனஸுக்கு மட்டும் 35 மடங்கு என்றால் 140 போகும், 60 மிஞ்சும். நீங்கள் கட்டியது 100 என்பதை நினைவில் வையுங்கள். 10 மடங்காக இருந்தால் 1,000 டாலர் பந்தயம், 40 டாலர் நஷ்டம், கையில் 160. போனஸ் என்ற சொல்லுக்கு அங்கேதான் கொஞ்சமாவது பொருள் வருகிறது. பிரிட்டனில் போனஸ் வேஜரிங் 10 மடங்கைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாட்டு ஆணையம் விதி கொண்டுவந்திருக்கிறது.

ஸ்லாட்டை விட்டுவிட்டு பிளாக்ஜாக் சீட்டாட்டம் ஆடினால் தப்பிக்கலாமே என்று தோன்றும். அதற்கும் வேலி போட்டிருக்கிறார்கள். பல தளங்களில் பிளாக்ஜாக் பந்தயத்தில் 10 சதவீதம்தான் கணக்கில் ஏறும். 7,000-ஐ முடிக்க 70,000 டாலருக்கு ஆட வேண்டும். நன்றாக ஆடுகிறவருக்கும் அரை சதவீத நஷ்டம் உண்டு என்று வைத்தால், அது 350 டாலர். சில தளங்களில் பிளாக்ஜாக் கணக்கிலேயே வராது. இன்னும் சிலவற்றில் ஆடினாலே விதிமீறல்.

போனஸை ஏற்கும் முன் ஐந்து விஷயங்களைத் தேடிப் படியுங்கள்: மடங்கு எதன்மீது, எத்தனை நாளுக்குள், எந்த விளையாட்டுக்கு எத்தனை சதவீதம், ஒரு பந்தயத்தின் உச்சவரம்பு, அதிகபட்சம் எவ்வளவு வெளியே எடுக்கலாம். கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. டெபாசிட்டே இல்லாமல் தரும் இலவச ஸ்பின்னில் நீங்கள் 3,000 டாலர் ஜெயித்தாலும் 50 அல்லது 100-தான் தருவோம் என்று அங்கேதான் எழுதியிருக்கும். இன்னொன்று: போனஸ் வேண்டாம் என்று சொல்லவும் பொத்தான் இருக்கிறது. டெபாசிட் பக்கத்தில் அது தானாகவே ‘வேண்டும்’ என்று டிக் ஆகியிருந்தால், அந்தத் தளத்தின் மனது உங்களுக்குப் புரிந்துவிட வேண்டும்.

கேள்வி: வேஜரிங் முழுவதையும் முடித்து 2,400 டாலர் வைத்திருந்தேன். ஒரே ஒரு ஸ்பின்னில் 5 டாலருக்குப் பதில் 6 டாலர் வைத்தேன் என்று மொத்தத்தையும் ரத்து செய்துவிட்டார்கள். இது நியாயமா?

விதியில் எழுதியிருந்தால் ‘விதிப்படி’ சரி. நியாயமா என்றால், இல்லை. போனஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது 5 டாலருக்கு மேல் பந்தயத்தை ஏற்காமல் தடுப்பது மென்பொருளுக்குச் சிறிய வேலை. சில தளங்கள் அதைச் செய்கின்றன. செய்யாத தளம், நீங்கள் தவறுவதற்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நீங்கள் அதே 6 டாலரை வைத்துத் தோற்றிருந்தால் பந்தயம் செல்லாது என்று சொல்லி டெபாசிட்டைத் திருப்பித் தந்திருப்பார்களா? இந்தக் கேள்வியை அப்படியே உங்கள் புகாரில் எழுதுங்கள். பதில் சொல்ல அவர்கள் திணறும் கேள்வி இது.

இந்த வரம்பில் தெரியாமல் சிக்க இரண்டு வழிகள் உண்டு. ஸ்லாட்டில் ‘போனஸ் சுற்றை விலைக்கு வாங்கும்’ பொத்தானை அழுத்தினால், அந்த விலை முழுவதும் ஒரே பந்தயமாகக் கணக்காகும். 1 டாலர் ஸ்பின்னில் அது 100 டாலராகக்கூட இருக்கலாம். ஜெயித்த தொகையை இரட்டிப்பாக்கும் ‘டபுள்’ பொத்தானையும் சில தளங்கள் தனிப் பந்தயமாக எண்ணும்.

‘முறையற்ற ஆட்டம்’ என்ற பெயரில் ரத்து செய்தால், எந்த விதி எண், எந்தச் சுற்றின் அடையாள எண், எந்தத் தேதி, எந்த நேரம் என்று எழுத்தில் கேளுங்கள். சாட்டில் கேட்காதீர்கள்; மின்னஞ்சலில் கேளுங்கள். நிறுவனம் ஐரோப்பிய ஒன்றியத்திலோ பிரிட்டனிலோ பதிவானது என்றால், ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவைச் சொல்லி உங்களைப் பற்றி வைத்திருக்கும் எல்லாத் தகவலையும் கேட்கலாம். பந்தயப் பட்டியல், சாட் உரையாடல் எல்லாம் அதில் வரும். பொதுவாக ஒரு மாதத்துக்குள் தந்தாக வேண்டும். விதிகள் பக்கத்தை நீங்கள் சேரும் நாளிலேயே வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களைத் தேதியோடு காத்து வைக்கும் பொதுக் காப்பகம்) சேமித்து வைத்தால், ‘விதி அப்போதே இருந்தது’ என்று பிறகு அவர்கள் சொல்வதைத் தேதியோடு சரிபார்க்கலாம். ஸ்கிரீன்ஷாட்டைவிட அதற்கு மதிப்பு அதிகம், காரணம் அது உங்கள் கையில் இல்லாத சாட்சி.

கேள்வி: பணம் எடுக்க விண்ணப்பித்து ஒன்பது நாளாக ‘பரிசீலனையில்’ என்றே நிற்கிறது. அடையாள அட்டையை மூன்று முறை அனுப்பிவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதுக் காரணம்.

முதல் முறை ‘மூலை தெரியவில்லை’, அடுத்து ‘முகவரிச் சான்று மூன்று மாதத்துக்கு மேல் பழையது’, பிறகு ‘கார்டின் படம் வேண்டும்’. சரிதானே? இந்தத் துறையில் மிகப் பழைய தந்திரம் இது. நோக்கம் உங்களை மறுப்பதல்ல, காத்திருக்க வைப்பது. காத்திருக்கும் பணம் திரையில் தெரிந்துகொண்டே இருக்கும். பக்கத்திலேயே ‘விண்ணப்பத்தை ரத்து செய்து விளையாடு’ என்ற பொத்தானும் இருக்கும். ஐந்தாம் நாள் இரவில் பலர் அதை அழுத்திவிடுகிறார்கள். பிரிட்டனில் இந்தத் திரும்ப எடுக்கும் வசதியையே 2021-இல் தடை செய்தார்கள். அதற்கும் முன்பு, 2019 மே 7 முதல், விளையாடத் தொடங்கும் முன்பே பெயர், முகவரி, பிறந்த தேதியைச் சரிபார்த்துவிட வேண்டும். முன்பே கேட்டிருக்கக்கூடிய ஆவணத்தைப் பணம் எடுக்கும்போது நிபந்தனையாக வைக்கக் கூடாது என்றும் விதி வந்தது. மற்ற இடங்களில் இன்னும் பழைய கதைதான்.

செய்ய வேண்டியது: ‘உங்களுக்குத் தேவையான எல்லா ஆவணங்களின் முழுப் பட்டியலையும் ஒரே மின்னஞ்சலில் தாருங்கள்’ என்று எழுதுங்கள். வந்ததும் எல்லாவற்றையும் ஒரே தடவையில், கோப்புகளுக்கு எண் போட்டு அனுப்புங்கள். படங்கள் வண்ணத்தில், நான்கு மூலைகளும் தெரிய, வெட்டாமல், ஒளி பட்டு எழுத்து மறையாமல் இருக்க வேண்டும். வங்கி அறிக்கை என்றால் இணையத்தில் இறக்கிய பிடிஎஃப்பை அப்படியே அனுப்புங்கள், அச்செடுத்துப் படம் பிடிக்காதீர்கள். கார்டில் முதல் 6, கடைசி 4 எண்களை விட்டு மற்றதை மறையுங்கள். பின்பக்கத்து மூன்று எண்ணை ஒருபோதும் காட்டாதீர்கள்.

உங்கள் பக்கத்திலும் சில ஓட்டைகள் இருக்கலாம். வேறொருவர் கார்டில் டெபாசிட், ஒரே வீட்டிலிருந்து இரண்டு கணக்கு, விபிஎன், பெயரில் ஓர் எழுத்து மாற்றம். இவற்றில் ஒன்று இருந்தாலே அவர்களுக்குப் போதும். முக்கியமாக, உங்கள் டெபாசிட்டை வாங்கிக்கொள்ளும்போது இவை எதுவும் அவர்கள் கண்ணில் படாது.

முதல் டெபாசிட்டுக்கு முன்பே சரிபார்ப்பை முடித்துத் தரச் சொல்லுங்கள். ‘பணம் எடுக்கும்போதுதான் பார்ப்போம்’ என்று பதில் வந்தால், டெபாசிட் செய்யாமல் திரும்பிவிடலாம். கூடவே வாராந்திர வரம்பையும் பாருங்கள். வாரம் 2,000 டாலர்தான் என்றால், 50,000 ஜெயித்தவர் 25 வாரம் காத்திருக்க வேண்டும். அதுவரை அந்தப் பணம் கணக்கிலேயே கிடந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள், ஸ்லாட்டையே திருத்தி வைத்திருப்பார்களா?

பெரும்பாலும் தேவையே இல்லை. நூற்றுக்கு நான்கு தானாக விழும்போது, சீட்டைத் திருத்தி மாட்டிக்கொள்ள யார் விரும்புவார்கள்? ஆனால் மூன்று விதிவிலக்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது சட்டப்படியே நடப்பது. ஒரே ஸ்லாட்டை, அதை உருவாக்கும் நிறுவனமே பல ஆர்டிபி அளவுகளில் விற்கிறது. எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது கேசினோ. 96 சதவீதத்துக்கு மேல் உள்ள அதே விளையாட்டு, அதே படம், அதே இசையோடு 94, 91, 87 என்ற அளவுகளிலும் உண்டு. 96-க்கும் 91-க்கும் வித்தியாசம் ஐந்துதானே என்று நினைக்காதீர்கள். உங்கள் நஷ்டம் 4-இலிருந்து 9 ஆகிறது. இரண்டு மடங்குக்கும் மேல். விளையாட்டைத் திறந்து அதற்குள் இருக்கும் உதவிப் பக்கத்தில் கடைசி வரை போனால் அந்த எண் இருக்கும். விமர்சனத் தளத்தில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், அது வேறு பதிப்புக்குரியதாக இருக்கலாம். எண்ணே இல்லையென்றால், ஆடாதீர்கள்.

இரண்டாவது, போலி ஸ்லாட். புகழ்பெற்ற நிறுவனத்தின் விளையாட்டைத் திருடி, தங்கள் சர்வரில் வைத்து ஓட்டுவது. இங்கே ஆர்டிபி என்பது முதலாளி வைத்ததே சட்டம். கணினியில் எஃப்12 அழுத்தி ‘நெட்வொர்க்’ பகுதியைத் திறந்துவிட்டு விளையாட்டை ஏற்றுங்கள். கோப்புகள் எந்த முகவரியிலிருந்து வருகின்றன என்று பாருங்கள். அதே விளையாட்டை ஒழுங்கான லைசென்ஸ் உள்ள பெரிய தளத்தில் திறந்து ஒப்பிடுங்கள். அங்கே தயாரிப்பாளரின் முகவரியும் இங்கே பெயர் தெரியாத ஒன்றும் வந்தால், சந்தேகப்படுவதற்கு முழு உரிமை உண்டு.

மூன்றாவது, உள்ளே இருப்பவரே திருடுவது. 2007-இல் அப்சொல்யூட் போக்கர் தளத்தில் ஒரு கணக்கு, எதிராளிகளின் மூடிய சீட்டுகளைப் பார்த்து ஆடியது. ஒரு போட்டியில் தோற்றவர் ஆட்ட வரலாற்றைக் கேட்டபோது, நிறுவனம் தவறுதலாக எல்லோருடைய சீட்டும், கணக்கு விவரங்களும் அடங்கிய கோப்பை அனுப்பிவிட்டது. அதைப் பிரித்துப் பார்த்த வீரர்கள்தான் கண்டுபிடித்தார்கள், கட்டுப்பாட்டு அமைப்பு அல்ல. அந்தத் தளத்துக்கு லைசென்ஸ் தந்த கானவாகே கேமிங் கமிஷன் 2008-இல் விதித்த அபராதம் 5 லட்சம் டாலர். ஆட்ட வரலாற்றைக் கேட்டு வாங்கி வையுங்கள் என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: கிரிப்டோ கேசினோக்களில் ‘ப்ரூவபிளி ஃபேர்’ (நியாயமாக நடந்ததை நிரூபிக்கலாம்) என்கிறார்களே, அதை நம்பலாமா?

அது சொல்வதை மட்டும் நம்பலாம். ஆட்டத்துக்கு முன்பே தளம் தன் ரகசிய எண்ணின் ஹேஷைக் காட்டுகிறது; ஹேஷ் என்பது அந்த எண்ணின் கைரேகை போன்ற குறியீடு, அதைப் பார்த்து எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. நீங்கள் உங்கள் பங்குக்கு ஓர் எண் தருகிறீர்கள். ஆட்ட வரிசை எண்ணையும் சேர்த்து முடிவு கணக்கிடப்படுகிறது. பிறகு ரகசிய எண் வெளியானதும், ஹேஷ் பொருந்துகிறதா என்று எஸ்எச்ஏ-256 கருவி எதிலும் சரிபார்க்கலாம். உங்கள் எண்ணை நீங்களே மாற்றி எழுதுங்கள். தளம் தந்ததை அப்படியே விட்டால் பாதுகாப்பில் பாதி போயிற்று.

முடிவை நடுவில் மாற்றவில்லை என்பதற்குத்தான் இது சாட்சி. பணத்தைத் தருவார்களா என்பதற்கு எந்த ஹேஷும் இல்லை.

கேள்வி: தளத்தின் அடியில் லைசென்ஸ் முத்திரை இருக்கிறது. அது போதாதா?

முத்திரை ஒரு படம். படத்தை யாரும் ஒட்டலாம். முத்திரையைச் சொடுக்காதீர்கள், அது போலிச் சரிபார்ப்புப் பக்கத்துக்கே கொண்டுபோகலாம். கட்டுப்பாட்டு ஆணையத்தின் தளத்தை நீங்களே தேடித் திறந்து, அங்குள்ள பொதுப் பதிவேட்டில் லைசென்ஸ் எண்ணைப் போடுங்கள். மூன்று பொருந்த வேண்டும்: நிறுவனப் பெயர், தளத்தின் சரியான முகவரி, நடப்பு நிலை. நல்ல நிறுவனத்தின் எண்ணைக் கடன் வாங்கி, ஓர் எழுத்து மாறிய முகவரியில் நடத்தும் நகல் தளங்கள் நிறைய.

லைசென்ஸ் உண்மையாகவே இருந்தாலும் அதன் எடை இடத்துக்கு இடம் மாறும். கரீபியன் தீவான குராசாவில் நீண்ட காலம் நான்கு தலைமை லைசென்ஸ்தாரர்கள், தங்களுக்குக் கீழே துணை லைசென்ஸ்களை வாடகைக்கு விடுவதுபோல் தந்துகொண்டிருந்தார்கள். ஆட்டக்காரரின் புகாரை அக்கறையோடு கேட்க அங்கே ஆளில்லை. 2024 டிசம்பர் 24-இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அரசு ஆணையமே நேரடியாக லைசென்ஸ் தருகிறது. கோஸ்டா ரிகா என்று போட்டிருந்தால், அது வெறும் கம்பெனிப் பதிவு. அந்த நாடு ஆன்லைன் சூதாட்டத்துக்கென்று லைசென்ஸ் தருவதில்லை. மால்டா கண்டிப்பானது என்று பெயரெடுத்தது. ஆனால் 2023-இல் அங்கே சேர்த்த 56ஏ பிரிவு, மால்டா லைசென்ஸ் உள்ள நிறுவனங்களுக்கு எதிராக வேறு நாட்டு நீதிமன்றங்கள் தரும் தீர்ப்புகளை அங்கே செயல்படுத்தாமல் தடுக்கப் பயன்படுகிறது. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் வழக்குப் போட்டு ஜெயித்த ஆட்டக்காரர்கள் இதில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

பிரிட்டன் லைசென்ஸ் என்றால் வழி தெளிவு: முதலில் நிறுவனத்திடம் எழுத்துப் புகார். எட்டு வாரத்தில் தீராவிட்டால், அல்லது அதற்குள் ‘இதுவே முடிவு’ என்று சொல்லிவிட்டால், நிறுவனம் குறிப்பிட்டிருக்கும் நடுநிலை அமைப்பிடம் போகலாம். கட்டணம் இல்லை.

கேள்வி: கணக்கில் கிடக்கும் என் பணம் உண்மையில் எங்கே இருக்கிறது?

பல நேரங்களில், நிறுவனத்தின் மற்றப் பணத்தோடு கலந்து. ஃபுல் டில்ட் போக்கர் வழக்கில் அமெரிக்க நீதித்துறை 2011-இல் சொன்ன எண்களைப் பாருங்கள்: உலகெங்கும் உள்ள வீரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி. திரையில் ஒவ்வொருவர் கணக்கிலும் தொகை சரியாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது. போட்டி நிறுவனம் 2012-இல் பொறுப்பேற்ற பிறகே பணம் திரும்பத் தொடங்கியது. அமெரிக்க வீரர்களுக்கு 2014 வரை இழுத்தது.

பிரிட்டன் லைசென்ஸ் உள்ள தளங்கள், நிறுவனம் திவாலானால் உங்கள் பணத்துக்கு எந்த அளவு பாதுகாப்பு என்று விதிகளிலேயே சொல்ல வேண்டும். ‘பாதுகாப்பு இல்லை’ என்று நேர்மையாக எழுதியிருப்பதையும் படிக்காமல் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். ஜெயித்ததை அன்றே எடுங்கள். கேசினோ வங்கி அல்ல.

கேள்வி: என்னை விளையாட விடாமல் விலக்கி வையுங்கள் என்று ஒரு தளத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதே குழுமத்தின் இன்னொரு தளம் என் டெபாசிட்டை வாங்கிக்கொண்டது. தோற்றபோது பேசவில்லை. ஜெயித்ததும் ‘நீங்கள் விலக்கப்பட்டவர், ஜெயித்தது செல்லாது’ என்கிறது.

இந்த மாதக் கடிதங்களில் மிக அசிங்கமான தந்திரம் உங்களுடையதில்தான் இருக்கிறது. விலக்கு என்பது இரு பக்கமும் செல்ல வேண்டும்: ஜெயித்தது செல்லாது என்றால், டெபாசிட்டும் செல்லாது. எனவே ஜெயித்ததைக் கேட்டுச் சண்டை போடுவதைவிட, விலக்கு நடைமுறைக்கு வந்த தேதிக்குப் பிறகு கட்டிய அத்தனை டெபாசிட்டையும் திருப்பிக் கேளுங்கள். அந்த வாதமே வலுவானது. விலக்கு கேட்ட மின்னஞ்சல், இரண்டு தளத்தின் விதிகளிலும் உள்ள நிறுவனப் பெயர், டெபாசிட் தேதிகள் ஆகிய மூன்றையும் சேர்த்து லைசென்ஸ் தந்த ஆணையத்துக்கும் நகல் அனுப்புங்கள். ‘விஐபி மேலாளர்’ யாராவது இதற்கிடையே போனஸ் தருகிறேன் என்று கூப்பிட்டிருந்தால் அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். உங்கள் கையில் உள்ள மிகச் சிறந்த சான்று அது.

மீண்டும் விளையாடத் தோன்றினால், ஒவ்வொரு தளமாக எழுதிக் கொடுத்துப் பயனில்லை. சூதாட்டத் தளங்களைத் தடுக்கும் மென்பொருளைச் சாதனத்தில் போடுங்கள். வங்கியிலும் சூதாட்டப் பரிவர்த்தனையைத் தடுக்க வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: நான் அஃபிலியேட். 30 சதவீதம் ரெவின்யூ ஷேர் (வருவாயில் பங்கு) என்றார்கள். நான் அனுப்பியவர்கள் ஒரு மாதத்தில் 10,000 டாலர் தோற்றிருக்கிறார்கள். எனக்கு வந்தது 900. மீதி எங்கே போயிற்று?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். 30 சதவீதம் 10,000-க்கு அல்ல, கழிவெல்லாம் போன ‘நிகர வருவாய்’க்கு. உங்கள் அறிக்கையைப் பிரித்தால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: ஆட்டக்காரர்களுக்குத் தந்த போனஸ் 2,500, மென்பொருள், விளையாட்டுக் கட்டணம் 15 சதவீதம், 1,500, வரி என்று 20 சதவீதம், 2,000, அவர்கள் கட்டிய 20,000 டாலர் டெபாசிட்டுக்குப் பணப் பரிமாற்றச் செலவு 5 சதவீதம், 1,000. மொத்தம் 7,000 கழிந்து மீதி 3,000. அதில் 30 சதவீதம் 900. உண்மையில் உங்கள் பங்கு 9 சதவீதம்.

இந்தக் கழிவுகள் எல்லாமே திருட்டு என்று சொல்ல முடியாது. வரியும் விளையாட்டுக் கட்டணமும் உண்மைச் செலவுகள். திருட்டு எங்கே நுழைகிறது என்றால், ‘நிர்வாகக் கட்டணம்’ என்று விளக்கமே இல்லாமல் ஒரு வரி இருக்கும்போது. ஆட்டக்காரர் பயன்படுத்தாமல் காலாவதியான போனஸையும் கழிக்கும்போது. சதவீதத்துக்கு உச்சவரம்பே எழுதாமல் ‘அவ்வப்போது மாறும்’ என்று விடும்போது. ஒப்பந்தத்துக்கு முன், ‘10,000 டாலர் நஷ்டத்துக்கு எனக்கு எவ்வளவு வரும், வரி வரியாகக் கணக்கிட்டு அனுப்புங்கள்’ என்று மேலாளரைக் கேளுங்கள். 25 சதவீதம் தந்து குறைவாகக் கழிக்கிறவர், 45 சதவீதம் தந்து எல்லாவற்றையும் கழிக்கிறவரைவிட அதிகம் தரலாம்.

அடுத்து நெகட்டிவ் கேரிஓவர், அதாவது ஒரு மாத மைனஸை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோவது. நீங்கள் அனுப்பிய ஒருவர் ஒரு மாதத்தில் 15,000 ஜெயித்தால், உங்கள் கணக்கு 4,500 டாலர் மைனஸில் போகும். மாதம் 900 வரும் வேகத்தில் அதை அடைக்க ஐந்து மாதம் இலவசமாக உழைக்க வேண்டும். மாத முடிவில் மைனஸ் பூஜ்யமாகிவிடும் என்று எழுத்தில் இருக்கும் ஒப்பந்தத்தையே எடுங்கள். அப்படி எழுதிவிட்டு, கீழே ‘பெரிய ஆட்டக்காரர் விதி’ என்று இன்னொன்று வைத்து, 10,000-க்கு மேல் ஜெயித்தவரின் மைனஸை மட்டும் தனியே தள்ளி அடுத்தடுத்த மாதங்களுக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. கேசினோ, விளையாட்டுப் பந்தயம், போக்கர் மூன்றின் கணக்கையும் ஒன்றாக்கி ஒன்றின் நஷ்டத்தை இன்னொன்றில் கழிப்பது இன்னொரு வகை.

கேள்வி: முதல் இரண்டு மாதம் பதிவுகள் நன்றாக வந்தன. இப்போது அதே பக்கம், அதே வருகை, பதிவுகள் மட்டும் மூன்றில் ஒரு பங்கு. ஷேவிங் (நான் சேர்த்தவர்களைக் கணக்கில் காட்டாமல் மறைப்பது) செய்கிறார்களா?

இருக்கலாம். முடிவு கட்டும் முன் நல்ல காரணங்களை ஒழித்துவிடுங்கள். சஃபாரி உலாவி, டிராக்கிங் குக்கீகளில் பலவற்றைச் சில நாளில் அழித்துவிடும். லிங்கைச் சொடுக்கிவிட்டுப் பத்து நாள் கழித்துச் சேர்கிறவர் உங்கள் கணக்கில் வராமல் போகலாம். ஆப் வழியாகச் சேர்கிறவர்கள், தளத்தின் மாற்று முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டவர்கள் வழியில் உதிர்ந்துபோவது உண்டு. அதனால் குக்கீயை மட்டும் நம்பாத சர்வர்-டு-சர்வர் போஸ்ட்பேக்கைக் கேளுங்கள். ஒவ்வொரு சொடுக்குக்கும் உங்கள் பக்கத்தில் ஓர் அடையாள எண் உருவாகி, பதிவும் முதல் டெபாசிட்டும் நடக்கும்போது அந்த எண் உங்கள் சர்வருக்குத் திரும்பி வர வேண்டும்.

பிறகு சோதனை. லிங்கை நேராகக் கொடுக்காமல் உங்கள் தளத்தின் வழியாகத் திருப்பிவிட்டு, ஒவ்வொரு சொடுக்கையும் நீங்களே பதிவு செய்யுங்கள். அவர்கள் டாஷ்போர்டில் காட்டும் சொடுக்கு எண்ணிக்கையோடு வாரம் ஒரு முறை ஒப்பிடுங்கள். ரோபோக்களைக் கழிப்பதால் சிறு வித்தியாசம் இயல்பு. பாதி காணவில்லை என்றால் இயல்பு அல்ல. வருகையை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை இதே வகைப் போட்டித் தளத்துக்கு நான்கு வாரம் அனுப்புங்கள். இரண்டிலும் பதிவு விகிதம் விழுந்தால் கோளாறு உங்கள் வருகையில். ஒன்றில் மட்டும் விழுந்தால், அந்த ஒன்றில்.

சோதனைக்காக நீங்களே பதிவு செய்து பார்க்காதீர்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் தன்னையே பரிந்துரைப்பது மோசடி. அதைக் காட்டியே மொத்தக் கமிஷனையும் முடக்குவார்கள். சோதனைக் கணக்குகளுக்கு மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அவர் அறிந்த சோதனை தவறாமல் பதிவாகும் என்பதும் உண்மை. ஆகவே அதைவிட உறுதியான ஆயுதம் ஆட்டக்காரர் வாரியான அறிக்கை: பெயர் வேண்டாம், அடையாள எண், சேர்ந்த தேதி, டெபாசிட், நிகரம் போதும். மாதந்தோறும் இறக்கி வையுங்கள். சென்ற மாதம் இருந்த எண் இந்த மாதப் பட்டியலில் காணாமல் போனால், அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் விளக்கம் கேட்கலாம். அடிக்கடி காணாமல் போவது பெரிதாகத் தோற்கிறவரின் எண்ணாகவே இருக்கும்.

சத்தமில்லாத இன்னொரு வழியும் உண்டு. நீங்கள் அனுப்பிய ஆட்டக்காரருக்கே ‘எங்கள் புதிய தளத்தில் 200 சதவீத போனஸ்’ என்று மின்னஞ்சல் போகும். அந்தப் புதிய தளம் உங்கள் ஒப்பந்தத்தில் இருக்காது. அனுமதி வாங்கிய சோதனைக் கணக்கு ஒன்று அந்த அஞ்சல் பட்டியலில் இருந்தால் இது கண்ணில் படும்.

கேள்வி: ‘வாழ்நாள் கமிஷன்’ என்று சேர்ந்தேன். இப்போது மாதம் ஐந்து புதிய ஆட்டக்காரர் தராவிட்டால் பழையவர்களுக்கும் கமிஷன் இல்லை என்கிறார்கள்.

‘இந்த விதிகளை நாங்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்’ என்ற வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். நீங்கள் கையெழுத்திட்டது அதற்குத்தான். கேட்க வேண்டியது: மாற்றம் புதிய ஆட்டக்காரர்களுக்கு மட்டுமா, பழையவர்களுக்குமா? பழையவர்களுக்கு என்றால், மாற்றம் அறிவித்த நாள் வரை சேர்ந்ததை உடனே தரச் சொல்லுங்கள், உங்கள் பக்கத்திலிருந்து லிங்கை எடுங்கள். லிங்க் இருக்கும்வரைதான் அவர்கள் உங்களோடு பேசுவார்கள். வாழ்நாள் என்பதும் உங்கள் வாழ்நாள் அல்ல, திட்டத்தின் வாழ்நாள். ஸ்கை பெட் போன்ற பெரிய நிறுவனமே 2017-இல் கட்டுப்பாட்டுச் சுமையைக் காரணம் காட்டித் தன் அஃபிலியேட் திட்டத்தை மூடியது.

சிபிஏ ஒப்பந்தத்திலும் (சேர்க்கும் ஆள் ஒருவருக்கு ஒரு முறை தரும் நிலையான தொகை) இதே கவனம் வேண்டும். தலைக்கு 100 டாலர் என்றால், எவ்வளவு டெபாசிட், எவ்வளவு பந்தயம் முடிந்தபின் அந்தத் தலை தகுதி பெறும் என்று எண்ணில் இருக்க வேண்டும். ‘தரமற்ற வருகை’ என்ற சொல்லுக்கு ஒப்பந்தத்தில் விளக்கம் இல்லை என்றால், அதன் பொருள் ‘தர மனமில்லை’.

கேள்வி: ‘சிறந்த பத்து கேசினோ’ பட்டியல்களை நம்பலாமா?

அதிகம் கமிஷன் தரும் பத்து என்று படித்துக்கொள்ளுங்கள். முதலிடத்தில் இருப்பதன் குறைகளை வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டும் மேலே படிக்கலாம். அஃபிலியேட்டுகளும் இந்த அழுக்கில் கை நனைத்தவர்கள்தான். செய்தி போலவே எழுதி, கேசினோவில் ஜெயித்துக் கடனை அடைத்தவரின் கதை என்று ஓர் அஃபிலியேட் போட்ட விளம்பரத்துக்காக, 2017-இல் பிரிட்டனின் விளம்பரத் தர அமைப்பு நான்கு கேசினோ நிறுவனங்களைக் கண்டித்தது. எழுதியவர் வேறொருவர் என்ற வாதம் எடுபடவில்லை.

கேள்வி: ‘மென்பொருள் கோளாறு’ என்று பெரிய பரிசை மறுத்தால் நீதிமன்றத்தில் ஜெயிக்க முடியுமா?

முடிந்திருக்கிறது, தோற்றும் இருக்கிறார்கள். 2018 ஜனவரியில் பெட்ஃப்ரெட் தளத்தில் பிளாக்ஜாக்கில் ஒருவர் 17 லட்சம் பவுண்டு ஜெயித்தார். கோளாறு என்று மறுத்தார்கள். 2021-இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் பணத்தைத் தரச் சொன்னது: அந்த விலக்கு விதிகள் தெளிவாகவும் இல்லை, ஆட்டக்காரரின் கவனத்துக்குச் சரியாகக் கொண்டுவரப்படவும் இல்லை. 2025-இல் பேடி பவர் வழக்கிலும் அப்படியே. திரையில் சக்கரம் 10 லட்சம் பவுண்டுக்கும் மேலான பரிசில் நின்றது. நிறுவனம் 20,000 சொச்சம் மட்டும் தந்தது. திரையில் கண்டதே செல்லும் என்றது நீதிமன்றம்.

ஆனால் 2024-இல் கேமலாட் லாட்டரி நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆட்டக்காரருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அங்கே திரையில் 10 லட்சம் தோன்றியும், விதிகள் தெளிவாக இருந்தன, முறையாக ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தன என்பது காரணம். ஆக, வழக்கு நிற்பது இரண்டு கால்களில்: விதியின் சொற்கள், அவை உங்கள் கண்ணில் எப்படிப் பட்டன. பரிசு விழுந்த திரையை முழுதாகப் படமெடுங்கள், தேதி நேரம் தெரிய. தளத்திலிருந்து வெளியேறும் முன் ஆட்ட விதிப் பக்கத்தையும் எடுத்துவிடுங்கள். ‘நல்லெண்ணமாக’ ஒரு சிறு தொகை தருகிறோம், இதில் கையெழுத்திடுங்கள் என்றால், வழக்கறிஞர் பார்க்கும்வரை கையெழுத்திட வேண்டாம்.

கேள்வி: என் 8,000 டாலரை விடுவிக்க முதலில் 10 சதவீதம் ‘வரி’ கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

கூடாது. உண்மையாகவே கழிக்க வேண்டியது இருந்தால் அந்த 8,000-இலேயே கழித்துக்கொள்ளலாம். தனியாகக் கேட்கிறவரிடம் 8,000 இல்லை. 800 கட்டினால் அடுத்து ‘சரிபார்ப்பு டெபாசிட்’ வரும், அதற்கடுத்து ‘கணக்கைத் திறக்கும் கட்டணம்’. பணம் கார்டில் போயிருந்தால் இன்றே வங்கியைக் கூப்பிட்டுப் புகார் பதியுங்கள். கிரிப்டோ என்றால் முகவரிகளையும் பரிவர்த்தனை எண்களையும் எடுத்து வைத்துக் காவல் துறையின் சைபர் பிரிவில் கொடுங்கள். ‘இழந்ததை மீட்டுத் தருகிறோம்’ என்று அடுத்த வாரம் யாராவது உங்களைத் தேடி வருவார்கள். அவர்களும் முன்பணம்தான் கேட்பார்கள். உங்கள் எண் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசியுங்கள்.